பிள்ளை எத்தனை நிமிடம் ஆடினான்? இளையோர் காற்பந்தில் கணக்கில் வராத அநீதி

2025 செப்டம்பரில் மலேசியக் காற்பந்து உலகச் செய்தியானது. பெருமைப்படக்கூடிய செய்தி அல்ல. தேசிய அணிக்கு ஆடிய ஏழு வெளிநாட்டுப் பிறப்பு ஆட்டக்காரர்களின் பாட்டன் பாட்டிமார் மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டிய ஆவணங்கள் போலியானவை என ஃபிஃபா அறிவித்தது. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் சுவிஸ் பிராங்க் அபராதம். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அதே ஆண்டு ஜூன் மாதம் வியட்நாமை 4-0 என்று வீழ்த்தியபோது நாடே கொண்டாடிய மகிழ்ச்சி சில மாதங்களிலேயே கசந்து போனது.

ஆவணங்களைத் திருத்தியது யார் என்பது ஒரு கேள்வி. அதை விசாரிக்க மன்றங்கள் இருக்கின்றன. உணவுக்கடை மேசைகளில் எழுந்த கேள்வி வேறு. மூன்று கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாடு, ஏழு ஆட்டக்காரர்களைத் தேடி அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் ஏன் போக வேண்டியிருந்தது?

இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி சனிக்கிழமை காலையில் தாமான் திடல்களில் கிடைக்கும். 12 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். காலை ஏழரை மணிக்கு வேனிலிருந்து 18 பிள்ளைகள் இறங்குகிறார்கள். எல்லாருக்கும் ஒரே நிற ஜெர்சி. எல்லாப் பெற்றோரும் கட்டியது ஒரே கட்டணம். மாலையில் திரும்பும்போது 11, 12 பிள்ளைகளின் ஜெர்சியில்தான் சேறும் வியர்வையும். மற்றவர்களின் ஜெர்சி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. 13 வயதில் அந்தப் பிள்ளைகள் காற்பந்தை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் போனது எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை.

இளையோர் கிளப்புகளில் நடக்கும் அநீதியின் பெரும்பகுதி யாரோ ஒருவரின் கெட்ட எண்ணத்தால் வருவதல்ல. இன்று கோப்பை வென்று தரும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் முறையே அதை உண்டாக்குகிறது. அந்த முறைக்குக் கணக்கேடு கிடையாது என்பதால் யாரும் யாரையும் கேட்க முடிவதில்லை.

*திடல் இருந்த காலம்*

இது தமிழர்களுக்குக் கூடுதலாக வலிக்கக் காரணம் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார். 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பிறகு புறக்கணிப்பில் சேர்ந்ததால் போகாமல் நின்ற அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். அவருடைய நீண்ட கைகளைப் பார்த்து ‘ஸ்பைடர்மேன்’ என்று இன பேதமின்றி நாடே அழைத்தது. 2010இல் மலேசியா முதன்முறையாகத் தென்கிழக்காசியக் கோப்பையை வென்றபோது அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்த அணியில் எஸ். குணாளனும் இருந்தார்.

அந்தப் பழைய தலைமுறைக்கு அகாடமி இல்லை. தோட்டத்துத் திடல் இருந்தது. லயத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே கிடந்த புல்வெளி அது. வெயில் தாழ்ந்ததும் பெரியவர்கள் ஆடுவார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் சிறுவர்கள் பந்து பொறுக்குவார்கள். ஆள் குறைந்த நாளில் “நீ வாடா” என்று ஒரு சிறுவனுக்கு அழைப்பு வரும். ஒரு பிள்ளையை ஐந்தாறு ஆண்டுகள் தினமும் பார்த்துப் பழகியவர்கள்தான் அவனைத் தோட்டத்து அணிக்கு எடுத்தார்கள். அரை மணி நேரத் திறன் தேர்வு என்ற பேச்சே அங்கே இல்லை. கட்டணமும் இல்லை.

தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது லயத்தோடு திடலும் போனது. மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடியேறிய குடும்பங்களுக்குக் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடம் கிடைத்தது, பந்து விளையாட இடம் கிடைக்கவில்லை. வாடகை ஃபுட்சல் கூடங்களும் மாதக் கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்களும் அந்த இடத்துக்கு வந்தன. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. அவை இல்லையென்றால் பல பிள்ளைகளுக்குப் பந்தே இல்லை. ஆனால், தோட்டத்துத் திடல் சத்தமில்லாமல் செய்த ஒரு வேலையை அவை செய்வதில்லை. பிள்ளை வளரும் வரை காத்திருப்பதே அந்த வேலை.

*மூன்று சல்லடைகள்*

திறமையைப் பார்க்கும் முன்பே பிள்ளைகளைச் சலித்துவிடும் மூன்று சல்லடைகள் இன்று இருக்கின்றன.

முதலாவது பிறந்த மாதம். இங்கே இளையோர் பிரிவுகள் பெரும்பாலும் பிறந்த ஆண்டைக் கொண்டு பிரிக்கப்படுகின்றன. ஜனவரி 2ஆம் தேதி பிறந்தவனும் டிசம்பர் 30ஆம் தேதி பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அவன் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. உயரம், எடை, ஓட்டம் எல்லாவற்றிலும் அது தெரியும். கனடாவின் பனி ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களிலேயே காட்டினார். பிறகு உலகெங்கும் இளையோர் காற்பந்திலும் இதே சாய்வு கண்டறியப்பட்டது. ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவனைத் ‘திறமைசாலி’ என்று எடுக்கிறார்கள். எடுத்தபின் அவனுக்குக் கூடுதல் பயிற்சி, கூடுதல் ஆட்டம், நல்ல பயிற்றுநர். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அவன் உண்மையிலேயே மேலே இருக்கிறான். டிசம்பர் பிள்ளையோ “உனக்கு வராது” என்று கேட்டுக் கேட்டு அதையே நம்பிவிடுகிறான்.

பருவம் எய்தும் வயதில் இந்தச் சாய்வு இன்னும் கூடுகிறது. 13 வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் சின்னப் பையனாகவே இருப்பான். பிறந்த தேதி ஒன்றாக இருந்தாலும் உடல் வளர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி இருக்கலாம். பெரிய உடம்புக்காரன் தள்ளிக்கொண்டு ஓடி கோல் அடிப்பான். சின்னவன் உடம்பால் முடியாததை மூளையாலும் காலாலும் செய்யப் பழகிக்கொண்டிருப்பான். அது கோப்பை வெல்லும் நாளில் கண்ணுக்குத் தெரியாது. பிரான்சின் அந்துவான் கிரீஸ்மனை உருவம் சிறியது என்று அவர் நாட்டு கிளப்புகள் கழித்துவிட்டன. ஸ்பெயினின் ரியல் சொசியடாட் எடுத்துக்கொண்டது. 2018இல் அவர் உலகக் கிண்ணத்தைக் கையில் ஏந்தினார். இங்கிலாந்தின் ஹேரி கேனை ஆர்சனல் கிளப் சிறுவயதிலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. பிற்காலத்தில் அவரே இங்கிலாந்து தேசிய அணிக்கு அதிக கோல் அடித்தவரானார். பெரிய கிளப்புகளே தவறும் இடத்தில், தாமான் திடலில் அரை மணி நேரம் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு எத்தனை பிள்ளைகள் விஷயத்தில் தவறியிருக்கும்?

இரண்டாவது பணம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். பயிற்சிக் கட்டணம் 100 ரிங்கிட், போக வர வேன் செலவு 100 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால்கூட, அந்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பிள்ளையின் காற்பந்துக்கே போய்விடும். ஜெர்சி, பூட்ஸ், போட்டிக்கான பதிவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம் எல்லாம் தனி. வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் தாயால் ஐந்து மணிப் பயிற்சிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது. மூன்று பயிற்சிக்கு வராதவனைப் பயிற்றுநர் ‘ஆர்வமில்லாதவன்’ என்று எழுதிவிடுகிறார். உண்மையில் இல்லாதது வாகனம்தான்.

மூன்றாவது பள்ளியின் அளவு. பள்ளி வழிப் பாதை மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும், மாநிலத்திலிருந்து எம்.எஸ்.எஸ்.எம். எனப்படும் தேசியப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளுக்கும் போகிறது. அதன் முதல் படி பள்ளி அணி. நாட்டிலுள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. 150 பேர் என்றாலும் வகுப்புக்கு 25 பேர். அதில் பாதி ஆண் பிள்ளைகள். ஐந்தாம், ஆறாம் வகுப்புகளைச் சேர்த்தாலும் 25 பையன்கள் தேறுவது அரிது. அவர்களில் எல்லாரும் பந்து ஆடுபவர்களும் அல்ல. 60 மாணவர்கள் படிக்கும் பள்ளியில் நிலைமை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு நல்ல ஆட்டக்காரன் இருந்தால், மாவட்டப் போட்டியின் முதல் சுற்றிலேயே அவன் அணி தோற்றுவிடும். தேர்வாளர் கண்ணில் அவன் படுவது அந்த ஒரே ஒரு ஆட்டத்தில்தான். பெண் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாய்ப்பும் பல பள்ளிகளில் இல்லை.

*பெஞ்சில் உட்காரும் கணக்கு*

இந்த மூன்று சல்லடைகளையும் தாண்டி அணிக்குள் வந்த பிள்ளைக்கு நாலாவதாக ஒன்று காத்திருக்கிறது. அது ஆட்ட நேரம்.

கணக்கு எளிது. திடலில் ஒன்பது பேர் ஆடும் போட்டி. ஆட்டம் 50 நிமிடம். ஒன்பதை 50ஆல் பெருக்கினால் 450. அதாவது, ஓர் ஆட்டத்தில் பயிற்றுநர் கையில் பங்கிடுவதற்கு 450 நிமிடங்கள் இருக்கின்றன. அணியில் 18 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 25 நிமிடம், அதாவது பாதி ஆட்டம். எல்லாரும் சமமாக ஆட வேண்டும் என்றில்லை. சிலருக்கு 35, சிலருக்கு 15 என்று போகலாம். ஆனால், ஒரு பருவம் முழுவதும் ஆறு பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை என்றால், அந்த ஆறு குடும்பங்கள் கட்டும் பணத்தில் மற்ற பிள்ளைகள் வளர்கிறார்கள் என்றுதான் பொருள்.

பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் கற்க முடியாது. பயிற்சியில் கற்ற பாஸ் ஆட்டத்தின் நெருக்கடியில் தவற வேண்டும், மறுபடி முயல வேண்டும், ஒருநாள் சரியாக வர வேண்டும். நிமிடம் கிடைத்தவன் இந்த வளர்ச்சியைப் பெறுகிறான். கிடைக்காதவன் அடுத்த ஆண்டு இன்னும் பின்தங்குகிறான். “இவன் தயாராக இல்லை, அதனால் இறக்கவில்லை” என்பார் பயிற்றுநர். இறக்காததால்தான் அவன் தயாராகவில்லை.

பயிற்றுநரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பகலில் ஆசிரியராகவோ ஓட்டுநராகவோ தொழிற்சாலையிலோ வேலை செய்துவிட்டு, சிறு படிக்காக மாலையில் திடலுக்கு வருகிறவர்கள் இவர்களில் பலர். அணி தோற்றால் வாட்ஸ்அப் குழுவில் முதலில் கேள்வி கேட்பவர்கள் பெற்றோர்களே. கோப்பை வென்ற படம் ஃபேஸ்புக்கில் வந்தால்தான் அடுத்த ஆண்டு புதுப் பிள்ளைகள் சேர்வார்கள், ஜெர்சிக்கு ஆதரவாளர் கிடைப்பார். இந்த நிலையில் 48ஆவது நிமிடத்தில் 1-1 என்றிருக்கும்போது, சின்னப் பையனை இறக்கும் துணிவு யாருக்கு வரும்? அவருக்கு அந்தத் துணிவைத் தருவது விதிமுறை ஒன்றுதான். எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் ஆட வேண்டும் என்று போட்டி விதியே சொன்னால், எதிரணிப் பயிற்றுநருக்கும் அதே நிலை. அவசரத்தில் யாரும் யாரையும் பலி கொடுக்க வேண்டியிருக்காது.

பயிற்றுநரின் மகனும் நிர்வாகச் செயலாளரின் மருமகனும் எப்போதும் முதல் வரிசையில் நிற்பது வேறு வகைப் பிரச்சினை. அவர்கள் உண்மையிலேயே நன்றாக ஆடுபவர்களாக இருக்கலாம். ஆனால், தகப்பனே தேர்வாளராக இருக்கும்போது, அந்தப் பிள்ளையின் திறமையைக்கூட யாரும் நம்புவதில்லை. அது அவனுக்கும் இழைக்கப்படும் அநீதி.

*மேலிடத்திலும் அதே அவசரம்*

இந்த அவசரம் தாமான் திடலோடு நிற்பதில்லை. தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், பகாங், கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி அமைக்கப்பட்டது. ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கிளப்பின் இளையோர் அணிகளில் பணியாற்றிய முன்னாள் தேசிய ஆட்டக்காரர் லிம் தியோங் கிம் அந்தத் திட்டத்தை வழிநடத்தினார். 2018இல் 16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டி மலேசியாவிலேயே நடந்தது. அரையிறுதிக்குப் போனால் உலகக் கிண்ணத்தில் இடம். முதல் ஆட்டத்தில் தஜிகிஸ்தானை 6-2 என்று வென்ற மலேசியப் பையன்கள், அடுத்து தாய்லாந்திடமும் ஜப்பானிடமும் தோற்று வெளியேறினார்கள். அதைத் தொடர்ந்து லிம் தியோங் கிம்மும் திட்டத்திலிருந்து போனார்.

அவருடைய முறை சரியா தவறா என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. ஆனால், பல ஆண்டு உழைப்பை மூன்று ஆட்டங்களின் முடிவை வைத்து நாடு அளந்தது. உச்சியில் இருப்பவரையே ஸ்கோரை வைத்துத்தான் தீர்ப்போம் என்றால், மாவட்டப் பயிற்றுநர் டிசம்பர் பிள்ளைக்காகக் காத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

*காத்திருந்த நாடுகள்*

காத்திருந்து பலன் கண்ட நாடுகள் உண்டு. நார்வேயில் சிறுவர் விளையாட்டுக்கென்றே தனி விதிகள் 1987இல் கொண்டு வரப்பட்டன. 11 வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. 13 வயதுக்கு முன் தேசிய வாகையர் போட்டி கிடையாது. அந்நாட்டின் எர்லிங் ஹாலன்ட், பிரைன என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அங்கே சுமார் 40 பிள்ளைகள் கொண்ட குழுவை முதல் அணி, இரண்டாம் அணி என்று பிரித்து யாரையும் கழிக்காமல் பதின்ம வயது வரை ஒன்றாகவே பயிற்றுவித்தார்கள். ஹாலன்டும் சிறுவயதில் குள்ளமான, மெலிந்த பையன்தான். அந்த ஒரே குழுவிலிருந்து அவரோடு இன்னும் சிலரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள்.

பெல்ஜியம் 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் சொந்த மண்ணிலேயே முதல் சுற்றில் வெளியேறிய நாடு. அதன்பின் சிறுவர் ஆட்டத்தை அவர்கள் மாற்றினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சின்னத் திடல், குறைந்த ஆட்கள். எல்லார் காலிலும் பந்து பட வேண்டும் என்பதே நோக்கம். தாமதமாக வளரும் பையன்களுக்கென்று ‘எதிர்கால அணி’ என்ற தனி அணியையே தேசியச் சங்கம் வைத்தது. 2018 உலகக் கிண்ணத்தில் பெல்ஜியம் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த மாற்றத்தை முன்னின்று நடத்திய மிஷேல் சாப்லோனை 2015இல் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் தொழில்நுட்ப இயக்குநராக அழைத்துக்கொண்டது. ஆனால், சிங்கப்பூர்த் தேசிய அணியின் நிலை அதனால் உடனே மாறிவிடவில்லை. ஒரு மனிதரை அழைத்து வருவது எளிது. பெற்றோரும் பள்ளியும் கிளப்பும் சேர்ந்து பத்தாண்டு பொறுமை காப்பதுதான் கடினம்.

*இனமா, திறமையா?*

நம் வீடுகளில் இந்தப் பேச்சு வரும்போது இரண்டு முடிவுகள் உடனே வந்துவிடும். “நம்ம பிள்ளை, அதான் எடுக்கலை” என்பது ஒன்று. “திறமை இருந்தா எடுத்திருப்பாங்க” என்பது மற்றொன்று. முதலாவது சில இடங்களில் உண்மையாக இருக்கலாம். தேர்வாளருக்குப் பெயர் தெரிந்த, மொழி தெரிந்த, தெரிந்தவர் மகனான பிள்ளை முதலில் கண்ணில் படுவான். ‘கேபல்’ இல்லாமல் ஒன்றும் நடக்காது என்ற பேச்சு சும்மா வரவில்லை. ஆனால், எத்தனை பேர் தேர்வுக்கு வந்தார்கள், யாருக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது, யார் எதனால் கழிக்கப்பட்டார்கள் என்ற பதிவு இல்லாதவரை, புகாரை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கோபம் மட்டும் மிஞ்சும். அதிகாரிகளிடம் கோபத்தோடு போனால் ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள். கணக்கோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

இதே குறை நம்மவர்களே நடத்தும் கிளப்புகளிலும் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பயிற்றுநர், தமிழ்ப் பிள்ளைகள், தமிழ் நிர்வாகம் என்றிருக்கும் இடத்திலும் அதே ஆறு பேர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மிஃபா எனப்படும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி 2016இல் பிரிமியர் லீக்குக்கு உயர்ந்ததும், பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கில் கால் வைத்ததும் பெருமையான கட்டம். 2022 பருவத்தோடு அந்த அணி விலகிக்கொண்டது. ஏணியின் மேல்படி ஒன்று போய்விட்டது. கீழ்ப்படிகளையாவது உறுதியாக வைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

*பெரட்டுக் களத்துப் பாடம்*

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் செக்ரோல் தெரியும். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். செக்ரோலில் பதிந்தால்தான் அன்றைய கூலி. பதியாவிட்டால் நாள் முழுக்க வெட்டியிருந்தாலும் கணக்கில் இல்லை. கிராணியிடம் நம் பாட்டன்மார் சண்டை போட்டது பெரும்பாலும் அந்த ஏட்டுக்காகத்தான். இளையோர் காற்பந்துக்குத் தேவைப்படுவதும் அப்படி ஓர் ஏடு. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம், எந்த இடத்தில் ஆடினான் என்று எழுத ஒரு பெற்றோரும் ஒரு கைப்பேசியும் போதும். மாதம் ஒருமுறை அதை எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நம் அமைப்புகள் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் செய்யக்கூடியவை இன்னும் சில உண்டு. தீபாவளிக் கிண்ணம், கோயில் இளைஞர் பிரிவுக் கிண்ணம், பழைய மாணவர் சங்கக் கிண்ணம் என்று ஆண்டு முழுவதும் போட்டிகள் நடக்கின்றன. 12 வயதுக்குட்பட்ட போட்டிகளில், பதிவான ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் ஆட வேண்டும் என்று விதி வைக்கலாம். மீறினால் புள்ளி கழிக்கலாம். அதற்குப் பணமே தேவையில்லை. ஒரே வட்டாரத்துச் சிறிய தமிழ்ப்பள்ளிகள் மூன்று சேர்ந்து பயிற்சி செய்தால், நட்புமுறை ஆட்டங்களுக்காவது முழு அணி கிடைக்கும். 12 வயதில் கழிக்கப்பட்டவர்களை 14, 15 வயதில் மறுபடி அழைத்துப் பார்க்கும் இரண்டாம் தேர்வை ஒவ்வொரு கிளப்பும் வைக்கலாம். தகப்பன் பயிற்றுநராக இருந்தால், மகன் ஆடுவதா இல்லையா என்பதைத் துணைப் பயிற்றுநர் முடிவு செய்யட்டும்.

பதிவு இன்னொரு வகையிலும் முக்கியம். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்தில் ஒரு நாட்டு கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு விலைக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக்கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஆனால், அந்த வயதில் அவர் அந்த கிளப்பின் பெயரில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். பெயர் பதியாத தாமான் கிளப், ஒரு நட்சத்திரத்தை வளர்த்துக் கொடுத்தாலும் ஒரு காசும் வராது. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவதுதான் அதற்கு முதல் படி.

பெற்றோர் முதல் மாதக் கட்டணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேட்கலாம். கிளப் எங்கே பதிவாகியிருக்கிறது? பயிற்றுநருக்கு என்ன உரிமம்? அணியில் எத்தனை பிள்ளைகள், ஆளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை நிமிடம்? அணியிலிருந்து எடுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் தருவார்களா? புகார் என்றால் பயிற்றுநரைத் தவிர வேறு யாரிடம் பேசலாம்? நல்ல கிளப் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

பெற்றோரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. திடலோரத்தில் நின்று அடுத்தவர் பிள்ளையை “அவனை வெளியே எடு” என்று கத்துகிறவர்களும் பெற்றோர்தான். தன் பிள்ளைக்கு இடம் கிடைக்க ஜெர்சிச் செலவை ஏற்றுக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். தன் மகன் ஆடும்வரை முறை சரி, உட்கார வைத்தால் அநீதி என்றால், நியாயம் யாருக்கும் கிடைக்காது.

பிள்ளைகள் எல்லாரும் ஆறுமுகம் ஆகிவிடப் போவதில்லை. 18 பேரில் 17 பேர் வேறு வேலைக்குப் போவார்கள். ஆனால், 13 வயதில் திடலை விட்டுப் போகிறவன் மாலை நேரத்தில் எங்கே போவான், யாரோடு சேர்வான் என்பது எல்லாத் தாய்மாரும் அறிந்த கவலை. 17 வயது வரை வாரம் மூன்று நாள் பந்து ஆடி, ஒரு பயிற்றுநரின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, தோல்வியைப் பழகிக்கொண்ட பையன் எந்த வேலைக்குப் போனாலும் அது வீண்போகாது.

சனிக்கிழமை மாலை பிள்ளை காரில் ஏறியதும் அப்பா கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “ஜெயிச்சீங்களாடா?” என்பதுதான். அடுத்த வாரம் “எவ்வளவு நேரம் ஆடுனே?” என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் “ஆடலப்பா” என்று வந்தால், மாதக் கடைசியில் கட்டணத்தைக் கொடுக்கும்போது அதே கேள்வியைப் பயிற்றுநரிடமும் மரியாதையாகக் கேட்கலாம்.